முட்டை திருப்பும் பட்டன்

துடியலூரில் எங்கள் ஆபீசுக்குக் கீழே இருந்த பேக்கரியில் தேங்காய் பன் தின்றுகொண்டிருந்தபோதுதான் அந்த யோசனை வந்தது. பன் பாதி வாயில் இருக்கும்போதே, "அண்ணா, பிரிச்சிரலாம்!" என்று கத்திவிட்டேன். தேங்காய்த் துருவல் எதிரே நின்ற ஆபீஸ் அண்ணாவின் சட்டையில் போய் விழுந்தது.

அவர் நிதானமாகத் தட்டிவிட்டார். "எதைங்க?"

"மொத்தத்தையும்!"

எங்கள் கம்பெனி கோழிக்குஞ்சு பொரிக்கும் ஹேச்சரிகளுக்கு மென்பொருள் செய்கிறது. ஹேச்சரி ஆபீஸ் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தபடி உள்ளே இருக்கும் செட்டர், ஹேச்சர் மெஷின்களின் சூட்டையும் ஈரத்தையும் பார்க்கலாம், மாற்றலாம். ஒவ்வொரு வகை மெஷினுக்கும் ஒரு ஸ்கிரீன் ஃபைல் உண்டு. எந்தப் பட்டன் எங்கே நிற்க வேண்டும், எந்தக் கட்டத்தில் முதலில் எந்த எண் இருக்க வேண்டும் என்பதெல்லாம் அதில் எழுதியிருக்கும். அப்போது எல்லாமே ஒரே மூட்டையாகக் கிடந்தது. ஒரு புது மெஷின் வந்தால் மூட்டை முழுவதையும் அவிழ்த்து மறுபடி கட்டி அனுப்ப வேண்டும். என் யோசனை இதுதான்: ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு தனி பண்டில். அதன் புரோகிராம் கோடு, அதன் ஸ்கிரீன், அதன் படங்கள் எல்லாம் அதற்குள்ளேயே. நடுவில் இருக்கும் ஆப் வெறும் போட்டோச் சட்டம்தான். தேவைப்படும் பண்டிலைத் திறந்து, ஸ்கிரீனை எடுத்து மாட்டிக்கொள்ளும். புது மெஷினா? பென்டிரைவில் ஒரு பண்டில் போதும்.

பப்ஸ் வைத்துக் கொடுத்த காகிதத்தின் பின்பக்கம் படம் போட்டுக் காட்டினேன். 'சூப்பருங்க' என்று சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் எண்ணெய்க் கறையைத் தாண்டி என் கட்டங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"இந்த ஸ்கிரீன் எங்கிருந்து வரும்ங்க?"

"பண்டில்ல இருந்துதான்."

"எந்தப் பண்டில்ல இருந்து?"

"அதோட பண்டில்ல இருந்துதாங்ணா!"

"அது உங்களுக்குத் தெரியும். ஆப்புக்குத் தெரியுமா?"

எனக்கு எரிச்சல் வந்தது. டீயை ஒரே மடக்கில் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டேன்.

அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் அவருக்குப் பிடிக்காது. எனக்கு இரண்டு மாதம் முன்னால் சேர்ந்தவர், ஐந்தாறு வயது மூத்தவர், தண்ணி கேனுக்குப் பக்கத்து நாற்காலிக்காரர். அவரை நினைத்தால் அவர் முகத்துக்கு முன்னால் அந்தக் கேள்விதான் வந்து நிற்கும். எங்கிருந்து வந்துச்சுங்க? எதைப் பார்த்தாலும் கேட்பார். மேசைமேல் ஒரு கேபிள் கிடந்தால் எந்த மெஷினில் இருந்து கழற்றியது என்று தெரியும்வரை அதைத் தொடமாட்டார். பென்டிரைவ் ஒவ்வொன்றிலும் ஆஸ்பத்திரிக் கட்டுக்கு ஒட்டும் வெள்ளைப் பிளாஸ்திரியைக் கிழித்து ஒட்டி, எந்தக் கம்ப்யூட்டரில் இருந்து, எந்தத் தேதியில், என்ன ஏற்றியது என்று பொடி எழுத்தில் எழுதி வைப்பார். யாருக்காவது பிறந்த நாள் வந்தால் கேக்கைக் கையில் வாங்கிக்கொண்டே, "எந்தப் பேக்கரிங்க?" என்பார். ருசிக்காகக் கேட்பதில்லை. தெரிந்துகொண்ட பிறகுதான் வாய்க்குப் போகும்.

எங்கள் சார், அதாவது கம்பெனி முதலாளி, இதை வைத்து அவரை ஓட்டிக்கொண்டே இருப்பார். "ஏப்பா, உனக்குப் பொண்ணு பாத்தாக்கூட எங்கிருந்து வந்துச்சுன்னு பிளாஸ்திரி ஒட்டிப்போடுவியாட்ட இருக்குதே?"

எல்லாரும் சிரித்தோம். அவரும் சிரித்தார். "அத மட்டும் கேக்கமாட்டேனுங்க."

அன்றைக்கு எனக்கு அது ஒரு ஜோக்காகத்தான் கேட்டது.

எங்கள் பக்கத்தில் யாரைப் பார்த்தாலும் மூன்று கேள்விகள் வரும். எந்த ஊருங்க? அங்க யாரு ஊடுங்க? எந்தக் கோயிலுக்குங்க போறீங்க? மூன்று 'ங்க' முடிவதற்குள், கேட்டவர் தெரிந்துகொள்ள விரும்பியதைத் தெரிந்துகொண்டுவிடுவார். அதன் பெயரை யாரும் வாயால் சொல்லவேண்டியதே இல்லை. எனக்கு அது கேள்வியாகவே தெரிந்ததில்லை. வெள்ளகோவில், இன்னாருடைய தோட்டம் என்று சொன்னால் போதும். கேட்டவர் முகம் மலர்ந்துவிடும். "அட, நம்ம ஒறம்பரைதான்!" என்று உறவு சொல்லிக் காப்பி வரும்.

அவரிடம் நானும் சேர்ந்த அன்றைக்கே கேட்டேன்.

"பல்லடம் பக்கமுங்க."

"பல்லடம் பக்கம்னா?"

"பக்கந்தானுங்க," என்று சொல்லிவிட்டுக் கேனில் இருந்து தண்ணீர் பிடித்துக்கொண்டார்.

பிறகு ஒரு நாள், கேட்காமலே, கீபோர்டைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "எங்கம்மா இன்னும் தோட்ட வேலைக்குத்தாங்க போறாங்க. நிக்கச் சொன்னாலும் நிக்க மாட்டேங்கறாங்க." யாருடைய தோட்டம் என்று சொல்லவில்லை. சொந்தத் தோட்டம் இல்லை என்பது மட்டும் எனக்குப் புரிந்தது. அதற்குமேல் நான் கேட்கவில்லை. கேட்காமல் விட்டதை அப்போது பெரிய நாகரிகம் என்று நினைத்துக்கொண்டேன்.

பண்டில் யோசனை சாருக்குப் பிடித்துவிட்டது. ராத்திரி பகலாக இல்லை, ஆபீஸ் நேரத்திலேயே, நான்கு வாரத்தில் பிரித்துப்போட்டேன். எனக்கு அவசரம் அதிகம். ஸ்கிரீனை எடுத்துவர ஒரு சின்னச் செயல்கூறு எழுதி அதற்கு 'தேடு' என்று பெயர் வைத்தேன். பெயரைச் சொன்னால் போதும், முதலில் ஆப்பின் சொந்த ஃபோல்டரில் பார்க்கும், இல்லாவிட்டால் ஒவ்வொரு பண்டிலாகப் போய்ப் பார்க்கும், முதலில் எது கிடைக்கிறதோ அதைக் கொண்டுவரும். எனக்கு அதன்மேல் அவ்வளவு ஆசை.

அவர் அதைப் படித்துவிட்டு நாற்காலியை என் பக்கம் திருப்பினார்.

"பேரச் சொல்லிக் கூப்படறீங்க. சரி. அதே பேர்ல ரெண்டு இருந்தா?"

"இருக்காதுங்ணா."

"செட்டர் ஸ்கிரீனுக்கு என்ன பேரு?"

"மெஷின் திரை."

"ஹேச்சர் ஸ்கிரீனுக்கு?"

"அதுவும் மெஷின் திரைதான். ஆனா அது வேற பண்டில்ல இருக்குது."

"அதத்தானுங்க சொல்றேன். எந்தப் பண்டில்னு சொல்லிக் கேளுங்க. அங்க இல்லைன்னா இல்லைன்னு நிக்கட்டும். ஊரெல்லாம் சுத்தி வேற எதயாவது கூட்டிட்டு வரவேண்டாம்."

"அறுபது எடத்துல மாத்தோணும்ங்ணா! இங்க பாருங்க, சரியாத்தானே வருது?" ஓடவிட்டுக் காட்டினேன். வந்தது. பத்து முறை ஓடவிட்டேன். பத்து முறையும் சரியாகவே வந்தது.

"உங்க கம்ப்யூட்டர்ல வருது," என்றார்.

சார் நடுவில் வந்து நின்றார். பல்லடம் ஹேச்சரியில் இரண்டு புது ஹேச்சர்கள் இறங்கி, முட்டையோடு ஓடவும் ஆரம்பித்திருந்தன. வியாழக்கிழமை அவற்றை எங்கள் ஆப்பில் இணைத்தாக வேண்டும். எங்களுக்கு அது முதல் பெரிய வாடிக்கையாளர். "அம்மணி எழுதுனதே இருக்கட்டும். பொறவு மாத்திக்கலாம்," என்று என்னைக் காட்டிச் சொல்லிவிட்டுப் போனார்.

அவர் வாதாடவில்லை. பென்டிரைவில் பிளாஸ்திரி ஒட்டினார். அதில் எழுதியிருந்தது: 'இது தேடித் தரும். வந்தது எது என்று பார்க்கவும்.'

வியாழக்கிழமை காலை இரண்டு பேரும் பல்லடம் போனோம். ஹேச்சரிக்குள் நுழைவது கோயில் கருவறைக்குள் நுழைவதைவிடக் கஷ்டம். வாசலில் ஒரு பதிவேடு இருக்கும். பெயர், ஊர், கடைசியாக எந்தக் கோழிப்பண்ணைக்குப் போனீர்கள், எத்தனை நாள் ஆகிறது என்று எழுத வேண்டும். மூன்று நாளுக்குள் வேறு பண்ணைக்குப் போயிருந்தால் கேட்டைத் தாண்ட முடியாது. நோய் காலோடு ஒட்டிக்கொண்டு வரும். சுத்தமாக இருப்பவர்கள் உள்ளே குளித்துவிட்டு அவர்கள் தரும் வெள்ளை உடுப்பைப் போட்டுக்கொண்டு போக வேண்டும்.

சார் அவரை முந்தின நாள்தான் வேறொரு பண்ணைக்கு அனுப்பியிருந்தார். 'இல்லை' என்று எழுதியிருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. அவர் பண்ணையின் பெயரையும், போன நேரத்தையும், திரும்பிய நேரத்தையும் எழுதினார்.

"அப்ப நீங்க இங்கயே இருங்," என்று வாட்ச்மேன் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் காட்டினார்.

அப்போதுதான் ஹேச்சரி ஓனர் வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நல்ல சிரிப்பு. என்னிடம் கேட்டார், நான் சொன்னேன், முகம் மலர்ந்தது. பிறகு அவரைப் பார்த்தார்.

"தம்பிக்கு எந்த ஊருங்?"

"பல்லடம் பக்கமுங்க."

"அட, நம்ம ஊருதானா! பல்லடத்துல எங்கீங்?"

"பக்கத்துலதானுங்க."

"யாரு ஊட்டுப் பையன்?"

அவர் பதிவேட்டைக் காட்டினார். "கேட்டதெல்லாம் எழுதிட்டேனுங்க."

ஓனரின் சிரிப்பு அப்படியே நின்றது. போகவும் இல்லை, வளரவும் இல்லை. "செரி செரி," என்றவர் என்னைப் பார்த்து, "நீ வா கண்ணு, டீ சாப்பிட்டுட்டு உள்ள போலாம்," என்றார். எனக்கு ஹாலில் ஸ்டீல் டம்ளரில் டீ வந்தது. கேட்டில் இருந்த அவருக்கு என்ன போனது, போனதா இல்லையா, நான் பார்க்கவில்லை.

குளிக்கப் போகுமுன் பென்டிரைவைப் பார்த்தேன். பிளாஸ்திரி அழுக்காக, ஓரம் சுருண்டு, அசிங்கமாக இருந்தது. உரித்துக் குப்பைத் தொட்டியில் போட்டேன்.

இங்கே ஒன்று சொல்லிவிட வேண்டும். முட்டை முதல் பதினெட்டு நாள் செட்டர் என்ற மெஷினில் இருக்கும். அங்கே அதைத் திருப்பித் திருப்பி வைக்க வேண்டும். கடைசி மூன்று நாள் ஹேச்சருக்கு மாறும். அங்கே திருப்பக் கூடாது, சூடும் ஒரு டிகிரி குறைவாக இருக்க வேண்டும். குஞ்சுகள் ஓட்டைக் கொத்தி வெளியே வரும் நேரம் அது. அவையே சூட்டைக் கிளப்பும். அந்த ஒரு டிகிரி அதிகமானால் ஓட்டுக்குள்ளேயே வெந்துவிடும். அன்றைக்கு இரண்டாம் ஹேச்சர் நிறைய முட்டை. கதவுக் கண்ணாடியில் காது வைத்தால் கீச்சுச் சத்தம் கேட்டது.

சூப்பர்வைசர் நல்ல மனுஷர். கம்ப்யூட்டருக்குச் சந்தனப் பொட்டு வைத்திருந்தார். பென்டிரைவைச் செருகி ஃபைல்களை அவரே காப்பி செய்தார். நான் ஆப்பைத் திறந்து இரண்டாம் ஹேச்சரைத் தொட்டேன். ஸ்கிரீன் வந்தது. மேலே கொட்டை எழுத்தில் 'ஹேச்சர் 2'. எனக்குக் கை தட்டவேண்டும் போல இருந்தது. போனை ஸ்பீக்கரில் போட்டு, கேட்டில் இருந்தவரைக் கூப்பிட்டேன்.

"வந்துருச்சுங்ணா! மொதல் தடவையிலயே!"

"எங்கிருந்து வந்துச்சுங்க?"

"ஐயோ அண்ணா! ஹேச்சர் 2-ன்னு பேர் போட்டே வந்துருக்குது."

"பேரு கோடுல இருந்து வருதுங்க. ஸ்கிரீன் எங்கிருந்துன்னு கேட்டேன்."

சூப்பர்வைசர் எனக்குக் குறுக்கே கையை நீட்டி, கட்டங்களில் எண்கள் சரியாக நிரம்பியிருப்பதைப் பார்த்து, 'சேமி' பட்டனை அமுக்கினார். "ஓட்டிட்டேனுங்," என்று போனுக்குள் சொன்னார்.

அந்தப் பக்கம் நாற்காலி தள்ளும் சத்தம் கேட்டது. பிறகு, "ஏனுங்க, ஸ்கிரீன்ல முட்டை திருப்பற பட்டன் இருக்குதுங்களா?"

பார்த்தேன். கீழே, வலது மூலையில், நீலமாக, நான் வரைந்த பட்டன். ஹேச்சரில் இருக்கவே கூடாத பட்டன்.

"இருக்குது," என்றேன்.

"அது செட்டர் ஸ்கிரீனுங்க. செட்டர் சூடு ஹேச்சருக்குப் போயிருச்சு. அலாரம் அடிக்கற அளவும் செட்டரோடதுதான், மணி அடிக்காது. எண் எங்க நிக்குது?"

எண் நிற்கவில்லை. ஏறிக்கொண்டிருந்தது. கால் டிகிரி ஏறிவிட்டது. நான் மவுஸைப் பிடித்துக் கட்டத்தை மாற்றப் போனேன்.

"தொடாதீங்க!" அவர் குரல் உயர்ந்து அன்றுதான் கேட்டேன். "எங்கிருந்து வந்துச்சுன்னு தெரியாத ஸ்கிரீன்ல இன்னொரு தடவ எதையும் அமுக்காதீங்க. சூப்பர்வைசர் அண்ணா, நீங்க ஓடுங்க. மெஷின் நெத்தியிலயே ஒரு சாவி இருக்கும், கைமுறைக்குத் திருப்புங்க. அங்கயே பழைய சூட்ட வைங்க. ஓடுங்க!"

சூப்பர்வைசர் செருப்பை விட்டுவிட்டு ஓடினார். நான் எண்ணைப் படித்துக்கொண்டே இருந்தேன். அரை. அரைக்கு மேல். முக்காலைத் தொடப்போகிறது. முக்காலில் கொஞ்சம் நின்றது. பிறகு, மெதுவாக, ஒரு புள்ளி இறங்கியது. நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அந்த வெள்ளை உடுப்பு முதுகோடு ஒட்டிக்கிடந்தது.

குஞ்சுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் நல்லபடியாகவே பொரித்தன.

காரணத்தைக் கண்டுபிடிக்க அவருக்குப் போனிலேயே ஐந்து நிமிடம்தான் ஆனது. பழைய ஃபோல்டரை அழித்துவிட்டுப் புதிதைப் போடுங்கள் என்று நாங்கள் எழுதிக்கொடுத்திருந்தோம். சூப்பர்வைசர் அழிக்கவில்லை, மேலேயே போட்டுவிட்டார். "இந்த ஃபோல்டரு வந்த பொறவுதானுங் பொரிப்பு நல்லா இருக்குது. பூசை போட்டு ஆரம்பிச்சது. ஓடீட்டு இருக்கறதப் போயி எப்படீங் அழிக்கறது?" என்றார். பிரிப்பதற்கு முந்தைய செட்டர் ஸ்கிரீன், அதே பெயரில், ஆப்பின் ஃபோல்டரிலேயே கிடந்தது. என் 'தேடு' முதலில் அங்கேதான் பார்த்தது. கிடைத்ததைக் கொண்டுவந்து மாட்டிவிட்டது.

ஆனால் என் மனதைக் குடைவது அது இல்லை. ஹாலில் ஓனர், எங்கள் சாரைப் போனில் பிடித்து, ஸ்பீக்கரில் போட்டார். நான் எதிரே நின்றிருந்தேன்.

"யாரு தப்புங் இது?"

சார் கொஞ்சமும் யோசிக்கவில்லை. "அந்தப் பையந்தானுங்க கூட வந்தான். அவந்தான் பாத்துருக்கோணும். நான் பேசிக்கறேனுங்க."

ஓனர் என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறந்திருக்க வேண்டிய இடம் அதுதான். 'தேடு என்னுடையது. அவர் வேண்டாம் என்று சொன்னார். எழுதியும் கொடுத்தார். உரித்துப்போட்டது நான். கேட்டில் உட்கார்ந்தபடி உங்கள் குஞ்சுகளைக் காப்பாற்றியவரும் அவர்தான்.' நாலைந்து வாக்கியம். ஒன்றுகூட வரவில்லை.

"அப்பவே நெனச்சேன்," என்றார் ஓனர். "எந்த ஊடுன்னு கேட்டா வாயத் தொறக்கல. அடுத்த தடவ நீ மட்டும் வா கண்ணு."

நான் தலையாட்டினேன். தலையாட்டியது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கம் எனக்கு விட்டுக்கொடுத்தார். சூலூர் தாண்டியது. பிறகு கேட்டார்:

"உள்ள என்ன சொன்னாங்க?"

"ஒன்னுமில்லீங்ணா. பழைய ஃபோல்டர்ல இருந்து வந்த தப்புன்னு..."

"ஸ்கிரீன் அங்கிருந்து வந்துச்சு. தப்பு எங்கிருந்து வந்துச்சுன்னு கேட்டாங்களா?"

நான் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தேன். அவர் இரண்டாம் முறை கேட்கவில்லை. கேபிளுக்கும் கேக்குக்கும் விடாமல் கேட்டவர், என்னிடம் ஒரு முறையோடு விட்டுவிட்டார். அடுத்த மாதமே வேலையை விட்டுப் போனார். கடைசி நாள் அவர் மேசையில் அந்தப் பிளாஸ்திரிச் சுருள் மட்டும் கிடந்தது. எனக்காக வைத்தாரா, மறந்தாரா, தெரியவில்லை. போன் எண்ணை மாற்றிவிட்டார். பெங்களூரு என்கிறார்கள்.

நான்கு வருஷம் ஆயிற்று. அதே ஹேச்சரியில் மறுபடி புது மெஷின்கள் இறங்கியிருக்கின்றன. திங்கட்கிழமை நான்தான் போகிறேன். போன வாரம் முழுவதும் உட்கார்ந்து 'தேடு'வைப் பிடுங்கி எறிந்தேன். அறுபது இடம் என்று நான் அழுதது இப்போது இருநூறைத் தாண்டிவிட்டது. ஒவ்வொரு இடத்திலும் எந்தப் பண்டில் என்று சொல்லித்தான் இனி ஸ்கிரீனைக் கேட்க முடியும். அங்கே இல்லாவிட்டால் ஆப் அப்படியே நின்றுவிடும், வேறெங்கும் போகாது. ஸ்கிரீனின் அடியில் எங்கிருந்து வந்தது என்று ஒரு சின்ன வரியும் தெரியும். மாற்றத்துக்கான காரணம் எழுதும் இடத்தில், நான்கு வருஷத்துக்கு முன் பல்லடத்தில் நடந்த தவறு என்னுடையது என்று என் பெயரோடு எழுதிவிட்டேன். சார் படித்தார். "இதெல்லாம் இப்ப எதுக்கு அம்மணி?" என்றார். அழிக்கச் சொன்னார். நான் அழிக்கவில்லை.

இன்னும் ஒன்று பாக்கி. ஓனர் ஹாலுக்குக் கூப்பிடுவார், டம்ளர் வரும். அதைத் தொடுவதற்கு முன்னால் அந்த நாலைந்து வாக்கியத்தையும் சொல்லிவிட வேண்டும். எங்களுக்கு அந்த வாடிக்கையாளர் போனாலும் போகட்டும். இந்த முறை என்னோடு வரப்போவது போன மாதம் சேர்ந்த ஒரு பெண். ஓனர் அவளிடமும் சிரித்துக்கொண்டே கேட்பார். என் முன்னால் கேட்டால் நான் முந்திக்கொண்டு, பதிவேட்டை அவர் பக்கம் திருப்பி வைப்பேன். எனக்கும் வெள்ளகோவில் வேண்டாம், தோட்டம் வேண்டாம். மூன்று நாளாக எந்தப் பண்ணைக்கும் போகவில்லை என்பது மட்டும் அதில் இருக்கும். அவர் சிரிப்பு நின்ற பிறகு அங்கேயே எவ்வளவு நேரம் நிற்க முடிகிறது என்று பார்க்கப்போகிறேன்.